வாய்ப்புற்று சர்ஜன் ஆராய்ச்சிக்கு வர நினைத்தால்: சென்னையில் எங்கே தொடங்குவது

அறுவை சிகிச்சையில் உயர்படிப்பான எம்சிஎச் முடித்துவிட்டுத் தலை-கழுத்துப் புற்றுநோய் பார்க்கிற இளம் சர்ஜன்களிடம் ஆராய்ச்சி என்றாலே ஜீன், லேப், வெளிநாட்டு ஃபெலோஷிப் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் அப்புறம். மாவா (புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டுப் போட்டு வாயே திறக்க முடியாமல் உங்கள் ஓபியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடமிருந்து தொடங்குங்கள்.

முதலில் கேள்வி. தியேட்டரில் இரண்டு சீனியர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்களோ அதுதான் நல்ல கேள்வி. ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று, கழுத்தில் நெறி கட்டவில்லை. கழுத்தையும் இப்போதே சுத்தம் செய்வதா, கட்டி வந்தால் பார்த்துக்கொள்வதா என்பதில் ரொம்ப காலம் ஆளுக்கொரு கட்சி. மும்பை டாடா மெமோரியலில் அனில் டிக்ரூஸ் குழு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்து, 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது: முதலிலேயே கழுத்திலும் ஆபரேஷன் செய்தவர்களில் 3 ஆண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. ஆனால் ஆள் சேர்ப்பது 2004-ல் தொடங்கி 2014 வரை போனது. அந்தப் பொறுமை இருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதிவு. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கேஸ் ஷீட்டில் "வாய் திறப்பு குறைவு" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள், 35-க்குள் என்றால் டிரிஸ்மஸ், அதாவது வாய் திறக்க முடியாத நிலை, என்று எடுத்துக்கொள்வதுதான் பரவலான வழக்கம். பேத்தாலஜி ரிப்போர்ட்டில் மார்ஜின் (வெட்டிய விளிம்புக்கும் கட்டிக்கும் உள்ள இடைவெளி), கட்டி உள்ளே இறங்கிய ஆழம் இரண்டையும் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். புற்றுநோயின் கட்டத்தை வகைப்படுத்துகிற ஏஜேசிசி விதிகளின் எட்டாம் பதிப்பு வந்த பிறகு வாய்ப்புற்றில் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிற கட்டிகூட ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் டி1 (கட்டியின் முதல் நிலை) கிடையாது, அடுத்த நிலையான டி2. ஆழம் எழுதாத பழைய ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு பின்னால் எந்தப் புள்ளியியல் நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம், எக்செல் போதும். ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்றே ஏற்ற வேண்டும்.

அதைவிடக் கஷ்டம் ஃபாலோ அப். விழுப்புரம், திருவண்ணாமலை, சித்தூர் என்று எங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறவர், தையல் பிரித்ததும் ஊர் போய்ச் சேர்வார், சிம் மாற்றிவிடுவார். இந்த நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான், அதே சமயத்தில்தான் ஆளும் தொலைவார். வராதவர் நன்றாக இருக்கிறார் என்று கணக்குப் போட்டால் உங்கள் ரிசல்ட் அழகாகத் தெரியும், ஆனால் பொய். அட்மிஷனிலேயே மூன்று நம்பர் வாங்குங்கள்: அவருடையது, மகன் அல்லது மகளுடையது, ஊரில் நிலையாக இருக்கிற ஒருவருடையது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் 1982 முதல் நடக்கிற சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இதற்கு நல்ல பாடம். தகவல் தானாக வரும் என்று காத்திராமல் ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், இறப்புப் பதிவையும் பார்த்துச் சேகரிக்கிறார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி பழைய ஃபைல்களைப் புரட்டுவதற்கும் வேண்டும். டிரையல் என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதும்போது தயவுசெய்து அரசாணை நடை வேண்டாம். வார்டு ஆயாம்மாவிடம் படித்துக் காட்டி, அவருக்குப் புரிந்தால் அச்சுக்கு அனுப்புங்கள்.

புள்ளியியல் ஆளிடம் டேட்டாவோடு போகாதீர்கள், கேள்வியோடு போங்கள், அதாவது தொடங்குவதற்கு முன்பே. அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அவர்கள் நடத்துகிற அடிப்படை ஆராய்ச்சி முறை ஆன்லைன் கோர்ஸை பீஜியில் சர்டிபிகேட்டுக்காக ஓட்டிவிட்டு வந்திருப்பீர்கள். இன்னொரு தடவை, இந்தத் தடவை நிஜமாகவே, பாருங்கள்.

பேப்பரில் யார் பெயர் எங்கே வரும் என்பதையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள், டேட்டா ஏற்றிய ஜூனியர் பெயர் உட்பட. காசு கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்புகிற ஜர்னல்களுக்குப் பதிலே போட வேண்டாம்.