கொல்கத்தாவிலிருந்து வேலூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? நாமே கணக்கிடலாம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் தமிழோடு வங்காளமும் காதில் விழும். எங்கள் மாடியில் வாடகைக்குத் தங்குபவர்களும் பெரும்பாலும் கொல்கத்தாப் பக்கத்துக்காரர்கள்தான். அவர்களுக்காக நாட்காட்டித் தாளின் பின்புறம் போட்டுப் பழகிய கணக்கு இது.

முதலில் இரு விமான நிலையங்களின் இருப்பிடம் வேண்டும். கூகுள் மேப்ஸில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: முன்னது அட்சக்கோடு, பின்னது தீர்க்கக்கோடு. சென்னைக்கு 12.99, 80.17. கொல்கத்தாவுக்கு 22.65, 88.45. வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறதே என்பீர்கள். கொல்கத்தா விமானம் இறங்குவது மீனம்பாக்கத்தில்தான்.

அடுத்து, கழித்தல். வடக்கு தெற்காக 9.66 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் 1,072 கி.மீ. கிழக்கு மேற்காக 8.28 டிகிரி. இதை அப்படியே 111-ஆல் பெருக்கக் கூடாது. உரித்த சாத்துக்குடிச் சுளை நடுவில் பருத்து நுனியில் ஒடுங்குவதுபோல, தீர்க்கக்கோடுகளின் இடைவெளி துருவத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதனால் இரு அட்சக்கோடுகளின் சராசரியான 17.82-க்குக் கொசைன் பார்த்து, அந்த 0.95-ஆலும் பெருக்க வேண்டும்: 873 கி.மீ. கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கட்டும். நான் ஒருமுறை ரேடியனில் போட்டு, கொல்கத்தாவை 400 கி.மீ. மேற்கே இழுத்து வந்துவிட்டேன்!

இனி பத்தாம் வகுப்புப் பிதாகரஸ்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,382 கி.மீ. கடற்கரையை ஒட்டி வரும் ரயிலுக்கு ஹவுராவிலிருந்து சென்னைக்குச் சுமார் 1,660 கி.மீ. லண்டன் போன்ற தொலைவுக்கு இந்த வழி உதவாது. பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும்.

நேரத்துக்கு, விமானம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. பறக்கும் என்று வைத்து, தொலைவை 800-ஆல் வகுங்கள்: 1.73 மணி. அந்த .73 என்பது 73 நிமிடம் அல்ல. 60-ஆல் பெருக்கினால் 44 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் 2 மணி 14 நிமிடம். ஓடுதளம்வரை ஊர்ந்து போவதையும் சேர்த்துச் சொல்வதால் டிக்கெட்டில் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

வெளிநாடு என்றால் கடிகார வித்தியாசத்தையும் பாருங்கள். மகனைப் பார்க்க துபாய் புறப்பட்ட ஆம்பூர் அத்தை, டிக்கெட்டில் புறப்பாடு 4.00, வருகை 6.30 என்றிருந்ததைப் பார்த்து, "இரண்டரை மணி நேரம்தானா!" என்று மகிழ்ந்துபோனார். துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. உண்மையில் நான்கு மணி நேரம்.

கடைசியாக, தரையில் கழியும் நேரம். இரண்டு மணி முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டி வந்து சேர அரை மணிக்கு மேல். மீனம்பாக்கத்திலிருந்து வேலூருக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி, ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் வழிவிட்டால். ஆக எட்டு மணி நேரம். இதை எழுதிக் கையில் கொடுத்தால், காலை விமானத்தில் வந்து அன்றே மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்று இருந்தவர்கள் முந்தின நாளுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்.