ஊருக்குப் போனால் போனைப் பற்றியும் யோசியுங்கள்

பெட்டியில் என்ன வைப்பது என்று உங்களுக்கே தெரியும். அம்மாவின் தலைத்திவசத்துக்குப் பத்து நாள் விடுப்பில் தமிழ்நாடு போனேன். அதில் நான்கு நாள் காவல் நிலைய பெஞ்சிலேயே கழிந்தது.

சித்தப்பா, சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாளே, "வாட்ஸ்அப்பில் சம்மதித்துவிட்டு இப்போது ஏமாற்றுகிறான்" என்று புகார். சொந்தக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால் போங்கள். பத்திரத்தோடு கூப்பிட்டால் வக்கீலோடு போங்கள்.

அதிகாரி என் போனை மேசைக் கண்ணாடிமேல் வைத்து, "பாஸ்வேர்டு சொல்லுங்க சார்" என்றார். அந்த 'சார்'தான் ஆளைக் கவிழ்ப்பது.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது இந்திய அரசியல் சாசனத்தின் 20(3). இது போலீஸ் விசாரணைக்கும் பொருந்தும் என்று நந்தினி சத்பதி வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் போனதும், எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, அதில் என் பெயர் உண்டா என்று கேளுங்கள். என் விஷயத்தில் இருந்தது வெறும் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்ததற்கான ரசீது. அது தெரியவே எனக்கு நான்கு நாள் ஆனது.

பாஸ்வேர்டில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. அதைக் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021இல். அது மனசுக்குள் இருப்பது, கட்டாயப்படுத்த முடியாது என்றது டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், 2022இல். விரல்ரேகை கதை வேறு. அது சாட்சியமே இல்லை என்று 1961லேயே முடிவாகிவிட்டது. ஆகவே கைரேகைப் பூட்டை நம்பாமல், உள்ளே போகுமுன் போனை அணைத்துவிடுங்கள்; திரும்பப் போட்டால் பாஸ்வேர்டு எண்ணைத்தான் கேட்கும். எதையும் அழிக்காதீர்கள், அது தனி வம்பு. பூட்டைத் திறக்க உதவாவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆவது பிரிவு, 7 வருடம் சிறை என்று மிரட்டினால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். வழக்கமாக அது உள்துறைச் செயலர் தர வேண்டியது, ஸ்டேஷனில் எழுதுவதல்ல. போனை எடுத்துக்கொண்டால் மகஜர், அதாவது கைப்பற்றியதைக் குறிக்கும் பட்டியல், அதன் நகல் வாங்காமல் நகராதீர்கள்.

இதெல்லாம் நான் திரும்பி வந்தபிறகு படித்தது. அன்றைக்கு நாலே வினாடியில் எண்ணைச் சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் வாட்ஸ்அப்பைத் திறந்து சித்தப்பா பெயரைத் தேடிக் கீழே தள்ளிக்கொண்டே போனார். அவர் தேடியது கிடைக்கவில்லை. போன வருடத்துப் பக்கம் ஓரிடத்தில் விரல் நின்றது. அம்மா அனுப்பிய குரல் பதிவுகள், வரிசையாகப் பதினொன்று.

"இதெல்லாம் கேட்கவே இல்லையா சார்?" என்றார்.