1911–12 வியன்னா லீக்: பழைய நாளிதழ்களிலிருந்து ஒரு சீசனை மீண்டும் கட்டுவது எப்படி

1911–12 ஆஸ்திரியக் கால்பந்து லீக்கில் ராப்பிட் சாம்பியன், வீனர் ஸ்போர்ட்-கிளப் இரண்டாமிடம். இதை இணையத்திலிருந்து பிரதியெடுப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் புள்ளிப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சரியா என்று கேட்டால், ஆட்டம் ஆட்டமாகக் கட்டிப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பட்டியல் என்பது கூட்டிக் கழித்து வந்த விடை மட்டுமே. ஆதாரம் என்பது ஆட்டங்கள்தான். அவற்றைத் திரட்டும் வழி கீழே.

முதலில் கணக்கின் அளவு. நடத்தியது கீழ் ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கம். வியன்னா நகரம் அப்போது கீழ் ஆஸ்திரிய மாகாணத்துக்குள் இருந்தது. முதல் வகுப்பில் ஆடிய 11 அணிகளும் வியன்னா அணிகளே. கிராட்ஸ், பிராக் போன்ற ஊர்களின் அணிகளுக்கு இதில் இடமில்லை. ஆகவே உங்கள் கோப்புக்கு ‘ஆஸ்திரிய லீக்’ என்று பெயர் வைத்தாலும், ஒரு வரிக் குறிப்பில் இதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளை இரண்டு முறை சந்திக்க வேண்டும்: அணிக்கு 20 ஆட்டம், மொத்தம் 110. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. எந்த முடிவு வந்தாலும் ஓர் ஆட்டத்தில் 2 புள்ளிதான் பிரியும் என்பதால் சீசன் முழுவதற்கும் 220 புள்ளி. 110, 220 என்ற இந்த இரண்டு எண்களையும் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

தாளைத் தயாரித்தல்

ஸ்பிரெட்ஷீட்டில் ஆட்டத்துக்கு ஒரு வரி. நிரல்கள்: தேதி, முதலில் பெயர் வந்த அணி, இரண்டாவது அணி, மைதானம், முதல் அணியின் கோல், இரண்டாவது அணியின் கோல், இடைவேளை கோல், ஆட்ட வகை, நிலை, இதழின் பெயரும் தேதியும் பக்கமும், குறிப்பு. கோல்களை 3:1 என்று ஒரே கட்டத்தில் அடிக்காதீர்கள். எக்செல் அதை மூன்று மணி ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். கோடு போட்டு 3-1 என்று அடித்தால் தேதியாக்கிவிடும். இரண்டு நிரலாகப் பிரித்தால் இந்தத் தொல்லை இல்லை, கூட்டலும் எளிது. லீக்குக்கு முன்பு நடந்த, 1897இல் தொடங்கிய சேலஞ்ச் கோப்பைப் போட்டி வரை பின்னால் போகும் எண்ணமிருந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது: எக்செல்லுக்கு 1900க்கு முந்தைய தேதியே தெரியாது. அந்த ஆட்டங்களின் தேதியை எழுத்தாகவே வையுங்கள், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில்.

‘சுற்று எண்’ என்று ஒரு நிரல் வேண்டாம். ஒத்திவைப்பும் இடமாற்றமும் நிறைந்த ஒரு சீசனுக்குச் சுற்று எண் போடுவது பெரும்பாலும் பிற்காலத்தார் செய்யும் ஒழுங்குபடுத்தல். தேதி போதும்.

இரண்டாவது தாளில் 11க்கு 11 கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் சொந்த மைதான அணி, மேலே வந்து ஆடிய அணி. மூலைவிட்டத்தில் 11 கட்டம் காலி, மீதி 110.

எங்கே தேடுவது

ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் ‘அன்னோ’ தளத்தில் அக்கால நாளிதழ்களின் படப்பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; பதிவு செய்யத் தேவையில்லை. தேதி வாரியாகப் புரட்டலாம், சொல் கொடுத்தும் தேடலாம். தொடக்கத்திலேயே தேடலுக்குப் போக வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு. வியன்னாவின் பெரிய நாளிதழ்கள் பலவற்றுக்குத் திங்கள் காலைப் பதிப்பு கிடையாது. அதனால் திங்கள் பிற்பகல் பதிப்பையும் செவ்வாய்க் காலைப் பதிப்பையும் இரண்டையும் பார்க்க வேண்டும். ‘நோயே ஃப்ரையெ ப்ரெஸ்ஸெ’, ‘நோயெஸ் வீனர் டாக்பிளாட்’ இரண்டையும் இப்படிப் புரட்டலாம். திங்களன்று வரும் இதழ்களும் இருந்தன: ‘வீனர் சொன்- உண்ட் மோன்டாக்ஸ்-சைட்டுங்’, 1910இல் தொடங்கிய ‘டெர் மோர்கன்’. விளையாட்டு இதழ்களில் ‘இல்லுஸ்ட்ரீர்டெஸ் ஓஸ்டெர்ரைகிஷெஸ் ஸ்போர்ட்பிளாட்’ கால்பந்துக்கு நல்லது. 1880இல் விக்டர் சில்பரர் தொடங்கிய ‘ஆல்கெமைனெ ஸ்போர்ட்-சைட்டுங்’ பெயர்பெற்ற இதழ்தான், ஆனால் அதன் மனசு குதிரைமேல்.

நாளிதழின் விளையாட்டுப் பத்தியும் அப்படித்தான். ஃப்ராய்டெனாவ் குதிரைப் பந்தயம், க்ரீயாவ் வண்டிக்குதிரை ஓட்டம், சைக்கிள் எல்லாம் முடிந்த பிறகு, பொடி எழுத்தில் கால்பந்து வரும். முதல் ஆட்டத்துக்கு நாலைந்து வரி. மற்றவற்றுக்கு அணிகளின் பெயரும் கோலும் மட்டும், ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பத்தியில். முதல் வரிகளோடு நிறுத்திவிட்டால் அன்றைய ஆட்டங்களில் பாதி தவறிப்போகும். பத்தியின் கடைசி வரி வரை படியுங்கள், அடுத்த பக்கத்தில் தொடர்கிறதா என்றும் பாருங்கள்.

ஞாயிறு மட்டும் பார்த்தாலும் போதாது. கத்தோலிக்கத் திருநாட்கள் விடுமுறை, அன்றும் ஆடினார்கள். இந்தச் சீசனில் கவனிக்க வேண்டியவை 1911 செப்டம்பர் 8 வெள்ளி, நவம்பர் 1 புதன், டிசம்பர் 8 வெள்ளி. 1912இல் ஈஸ்டர் ஏப்ரல் 7–8, பெந்தெகொஸ்தே மே 26–27, ஜூன் 6 வியாழன். நடுவில் குளிர்கால இடைவெளி. இலையுதிர் காலத்தில் தள்ளிப்போன ஆட்டம் வசந்தத்தில் வரும்போது, அதே இரு அணிகளின் மறு ஆட்டத்தோடு குழம்ப வாய்ப்பு அதிகம். இரண்டுமே வசந்தத்தில் நடந்திருந்தால் மைதானத்தை வைத்தே பிரிக்க முடியும்.

எழுத்தைப் படித்தல்

இதழ்கள் ஃப்ராக்தூர் என்ற பழைய ஜெர்மன் எழுத்துருவில் அச்சானவை. பத்து நாள் பழகினால் கண் ஏற்றுக்கொள்ளும். மாட்டிவிடுபவை சில உண்டு. சொல்லின் நடுவில் வரும் நீண்ட எஸ், எஃப் போலவே இருக்கும்; குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்புறம் நீண்டால் எஃப், இல்லாவிட்டால் எஸ். பெரிய பி-யும் வி-யும் ஒரே சாயல். பெரிய கே-யும் ஆர்-உம் அப்படியே. சிறிய என், யூ இரண்டும் மை பரவிய இடத்தில் ஒன்றுதான். கணினி இந்தப் பக்கங்களை எழுத்தாக மாற்றும்போதும் இதே இடங்களில் தடுக்கி விழும். சொல் தேடலை நம்பி முதலில் இறங்க வேண்டாம் என்பது இதனால்தான். தேடலில் அகப்படாத ஆட்டம் நடக்கவில்லை என்று ஆகாது. தேதி வாரியாக ஒரு முறை முழுக்கப் புரட்டிவிட்டு, காலியான கட்டங்களுக்கு மட்டும் தேடலைப் பயன்படுத்துங்கள்.

எழுத்தைவிட எண்தான் ஆபத்து. 3, 5, 8 மூன்றும் தேய்ந்த அச்சில் ஒன்றுபோல் தெரியும். 3:2 என்று உறுதியாகத் தெரியாவிட்டால் உடனே இன்னொரு இதழைத் திறங்கள். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அச்சில் இல்லாத மை வந்துவிடாது. இடைவேளை கோலும் கைகொடுக்கும்: இடைவேளையில் 4:0 என்று தெளிவாக இருந்தால் இறுதி எண் 3 ஆக இருக்க முடியாது.

லீக் ஆட்டம் எது?

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் கெட்டுப்போகிறது. வியன்னா அணிகள் லீக்கைவிட நட்பு ஆட்டங்களுக்கும் குறைவில்லாமல் நேரம் கொடுத்தன. புடாபெஸ்ட், பிராக் அணிகள் வந்துபோயின. ஆங்கில அணிகளும் வரும். 1905இலேயே எவர்டனும் டாட்டன்ஹாமும் வியன்னாவில் ஒன்றோடொன்று ஆடியிருக்கின்றன. வெளியூர் அணி என்றால் தள்ளிவிடலாம். சிக்கல், இரண்டு வியன்னா அணிகளே தங்களுக்குள் நட்பு ஆட்டம் ஆடும்போது. செய்தியில் ‘மைஸ்டர்ஷாஃப்ட்’ என்ற சொல் இருந்தால் லீக். ‘கெஸெல்ஷாஃப்ட்ஸ்ஷ்பீல்’, ‘ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட்ஸ்ஷ்பீல்’ என்றிருந்தால் நட்பு ஆட்டம். வெறும் ‘வெட்ஷ்பீல்’ என்றால் எதுவாகவும் இருக்கலாம். ‘நிலை’ நிரலில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அதே நாளில் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அதே இரு கழகங்களின் ரிசர்வ் அணிகள் ஆடும். பெயருக்குப் பின்னால் ரோமன் இரண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் கோலை எடுத்தால், இரண்டாம் அணியின் கோல் முதல் அணியின் கணக்கில் ஏறிவிடும்.

கழகப் பெயர்கள் அடுத்த கண்ணி. டபிள்யூஏசி, டபிள்யூஏஎஃப், எஃப்ஏசி மூன்றும் வேறு வேறு கழகங்கள். டபிள்யூஏசி என்பது வீனர் அத்லெட்டிக்ஸ்போர்ட் கிளப். 1910இல் அதிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியது டபிள்யூஏஎஃப். எஃப்ஏசி ஃப்ளோரிட்ஸ்டார்ஃப் அணி. டபிள்யூஏஎஃப் 1913–14 சாம்பியன், அடுத்த ஆண்டே டபிள்யூஏசி சாம்பியன். ஓர் எழுத்து நழுவினால் பட்டம் கைமாறும். ‘ஃபர்ஸ்ட் வியன்னா’ 1894இல் தொடங்கிய கழகம்; செய்தியில் வெறும் ‘வியன்னா’ என்று வந்தால் அது இந்த அணி, ஊர் அல்ல. ஊரை ஜெர்மன் மொழியில் வீன் என்றுதான் எழுதுவார்கள். ‘கிரிக்கெட்டர்’ என்ற பெயரைப் பார்த்து மட்டையைத் தேட வேண்டாம், அதுவும் கால்பந்துக் கழகம்தான். அங்கிருந்து பிரிந்தவர்கள் 1911இல் உருவாக்கிய ‘அமெச்சூர்’ கழகம்தான் 1926இல் ‘ஆஸ்ட்ரியா’ என்று பெயர் மாறியது. 1911–12 தாளில் ‘ஆஸ்ட்ரியா வீன்’ என்று எழுதினால் காலப்பிழை. ஒரு தனித் தாளில் அன்றைய பெயர், சுருக்கம், பிற்காலப் பெயர் என்று மூன்று நிரல் போட்டுக்கொண்டு, ஆட்டத்தாளில் அன்றைய பெயரையே எழுதுங்கள்.

மைதானத்திலும் அவசரப்பட வேண்டாம். ராப்பிட் என்றாலே ஹ்யூட்டல்டார்ஃபின் ‘ஃபார்விஸே’ என்று கை தானாக எழுதும். அந்த மைதானம் திறந்ததே 1912இல். 1911 இலையுதிர் ஆட்டத்துக்கு அதைப் போட்டால் தப்பு. அச்சில் எந்தப் பெயர் முன்னால் வந்ததோ அதையே சொந்த மைதான அணி என்று கொள்வதும் பாதுகாப்பானதல்ல. வென்றவரை முன்னால் எழுதும் பழக்கம் செய்தியாளர்களுக்கு உண்டு. அதனால்தான் தாளில் ‘முதலில் பெயர் வந்த அணி’ என்று நிரல் வைத்தோம். யார் வீட்டு ஆட்டம் என்பதை மைதானம் தெரிந்த பிறகு தீர்மானியுங்கள்.

சங்கம் தீர்ப்பளித்த ஆட்டங்கள்

பாதியில் நின்ற ஆட்டம், தகுதியில்லாத ஆட்டக்காரர், வராத அணி என்று புகார் போனால், முடிவு பல வாரம் கழித்து மாறும். அந்தச் செய்தி ஆட்டச் செய்தியின் பக்கத்தில் இருக்காது. சங்கக் கூட்ட முடிவுகளின் கீழ் ‘ஃபெரிஃபிட்சீர்ட்’ (சங்கம் முடிவை உறுதி செய்தது) என்ற சொல்லோடு ஒரு வரியில் கிடக்கும். மைதானத்தில் விழுந்த கோலை அழிக்காதீர்கள். அதை அப்படியே வைத்து, ‘நிலை’ நிரலில் தீர்ப்பையும் அதன் தேதியையும் எழுதுங்கள். பட்டியல் கூட்டும்போது தீர்ப்பு. ஆட்டத்தின் வரலாறு எழுதும்போது மைதான முடிவு.

சரிபார்த்தல்

110 கட்டமும் நிரம்பியதும் பட்டியல் கூட்டுங்கள். வெற்றிகளின் கூட்டுத்தொகை தோல்விகளின் கூட்டுத்தொகைக்குச் சமம், டிராக்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை, போட்ட கோலும் வாங்கிய கோலும் சமம், புள்ளி 220. எல்லாம் பொருந்துகிறதே என்று மகிழ வேண்டாம். கட்டத்திலிருந்து கூட்டிய பட்டியல் எப்போதும் பொருந்தியே தீரும். 3:1ஐ 8:1 என்று எழுதியிருந்தாலும், ஒருவருக்கு ஏறிய ஐந்து கோல் இன்னொருவர் வாங்கியதாகப் பதிவாகி, இரண்டு பக்கமும் சமமாகிவிடும். இந்தச் சோதனை, தீர்ப்பில் புள்ளி பறிபோன ஆட்டத்தையும், சூத்திரம் அடித்ததில் வந்த பிழையையும் காட்டும். கோலைப் பற்றி எதுவும் சொல்லாது.

கோலைச் சோதிக்க வெளியிலிருந்து ஓர் எண் வேண்டும். இதழ்கள் சீசனின் நடுவே அவ்வப்போது அச்சிட்ட இடைக்காலப் பட்டியல்கள் அதற்குத்தான். அடுத்தடுத்த இரண்டு பட்டியல்களைக் கழியுங்கள். ஓர் அணி முதல் பட்டியலில் 31:18, 22 புள்ளி; அடுத்ததில் 34:19, 24 புள்ளி என்றால் இடையில் ஓர் ஆட்டம் 3:1 என்று வென்றிருக்கிறது. எதிரணியின் வரியில் 1:3 ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் அந்தக் கோல் உறுதி. இடையில் இரண்டு ஆட்டம் நடந்திருந்தால் எதிரணிகள் இரண்டின் வரிகளையும் சேர்த்து அவிழ்க்கலாம். புள்ளி மட்டும் மாறி ஆட்ட எண்ணிக்கை மாறாமல் இருந்தால் அங்கே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சங்கக் கூட்டச் செய்தியைத் தேடுங்கள்.

அச்சிட்ட பட்டியலும் தப்பலாம். அதன் போட்ட கோல், வாங்கிய கோல் இரண்டையும் கூட்டுங்கள். வித்தியாசம் 9 ஆகவோ 18 ஆகவோ இருந்தால் அச்சுக்கோப்பவர் 45ஐ 54 என்று இடம்மாற்றியிருக்கலாம் என்று முதலில் சந்தேகியுங்கள். கணக்கப்பிள்ளைகளின் பழைய உபாயம்தான், இங்கேயும் பலிக்கும்.

சம புள்ளி பெற்ற அணிகளை வரிசைப்படுத்தும்போது இன்றைய கோல் வித்தியாசத்தைப் போட்டுவிடாதீர்கள். பழைய பட்டியல்களில் கோல் விகிதம், அதாவது போட்டதை வாங்கியதால் வகுத்தல், வழக்கத்தில் இருந்தது. 40:20க்கு வித்தியாசம் 20, விகிதம் 2. 70:45க்கு வித்தியாசம் 25, விகிதம் 1.56. வரிசை தலைகீழாகிறது. இரண்டையும் கணக்கிட்டு, அன்றைய இதழின் இறுதிப் பட்டியல் எதோடு ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள்.

இதே முறையில் அடுத்த சீசன்களுக்கும் போகலாம், ஆனால் 110 என்ற எண்ணைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். போரின் முதல் சீசனான 1914–15 ஒரே சுற்றோடு முடிந்தது. அதற்கு முழுக் கட்டம் போட்டால் பாதி காலியாகவே நிற்கும், கிடைக்காத ஆட்டங்களைத் தேடி வீணாக அலைவீர்கள்.

எவ்வளவு தேடினாலும் ஒன்றிரண்டு கட்டம் நிரம்பாமல் நிற்கும். பட்டியல் கழித்தலில் கோல் கிடைத்து, தேதி கிடைக்கவில்லை என்றால் கோலைச் சாய்வெழுத்தில் எழுதி ‘கணக்கில் வந்தது’ என்று குறியுங்கள். தேதிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். கோலும் கிடைக்காவிட்டால் 0:0 போடக்கூடாது, எக்செல் வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கூட்டி டிராவாகக் கணக்கில் சேர்க்காதபடி சூத்திரத்திலும் தடுத்துவிடுங்கள்.