கொலு வீட்டில் சாமி கும்பிடாதவன்

மும்பை மாட்டுங்காவில் சித்தி வீட்டுக் கொலுவுக்குக் குடும்பமே கூடும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆரத்தி நேரத்தில் கைகூப்பாமல் நிற்பவன்தான் முதலில் கண்ணில் படுவான். 'என்னடா, பெரியார் கட்சியா?' என்று பெரியப்பா தொடங்கினால் சுண்டல் ஆறிவிடும்.

ஒருமுறை நவராத்திரிக்கு முன்பே சித்தியிடம் போனில் பேசிவிட்டேன். "வருவேன், எந்த வேலையும் செய்வேன், விபூதி மட்டும் வேண்டாம் சித்தி."

"சரிடா, அப்போ பார்க் நீ போடு" என்றார்.

படிகளுக்குப் பக்கத்தில் அமைக்கும் பொம்மை ஊர்தான் பார்க். புல்வெளிக்குக் கேழ்வரகை இரவே ஊறவைத்து, அகலத் தட்டில் மண் பரப்பித் தூவி, தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பச்சை பிடிக்கச் சில நாள் ஆகும் என்பதால் படி கட்டும் அமாவாசைக்கு முன்பே விதைத்துவிடுவேன். நடுவில் அட்டையில் செய்த லோக்கல் ரயிலும் தாதர் ஸ்டேஷனும். பிள்ளைகள் என்னைச் சுற்றியே இருப்பார்கள். வேலை செய்பவனிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஆரத்தியின்போது பின்னால் அமைதியாக நிற்பேன். விபூதித் தட்டைச் சித்தியே அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுவார். பெரியவர்கள் காலில் விழுவேன், அது அவர்களுக்கான மரியாதை. சுண்டலை மறுத்ததே இல்லை, அதிலும் காராமணிச் சுண்டலை!

பெரியப்பா இன்னமும் கேட்கிறார். கூடவே, ரயிலில் கூட்டம் போதவில்லை என்கிறார்.