1,800 டொலர் காரும் அதன் அடிப்பக்கமும்

கனடாவுக்கு வந்து இறங்கி இரண்டு கிழமைக்குள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "தம்பி, ஆயிரத்தஞ்ஞூறு, ரெண்டாயிரத்துக்கு ஒரு பழைய காரைப் பாத்து எடும். ரெண்டு வருசம் ஓடினாக் காணும்." சொல்கிறவர் கெட்டவர் இல்லை. தொண்ணூறுகளில் வந்து, ஓட்டைக் காரில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதி முழுக்கப் பேப்பர் போட்டு, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். அந்தக் காரைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முகம் மலரக் கதைப்பார். நானும் அப்படி ஒருவரின் சொல்லைக் கேட்டுத்தான் போனேன்.

எனக்குக் கார் தேவைப்பட்டது பொய் இல்லை. லோரன்ஸ் ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம் என்று கணக்குப் போட்டு எடுத்த பேஸ்மென்ட் என்னுடையது. 2023 ஜூலை 24 இரவு ஸ்காபரோ ஆர்.டி. ரயில் தடம் புரண்டது, அதோடு அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். எனக்கு வேலை கிடைத்ததோ மிசிசாகாவில், இரவு ஷிப்ட், வெயார்ஹவுஸ். பஸ், சப்வே, திரும்பப் பஸ் என்று ஒரு பக்கம் இரண்டரை மணித்தியாலம். 401 ஹைவேயில் காரில் போனால் முக்கால் மணித்தியாலம். விடிய ஏழு மணிக்கு அந்த பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தால் நீங்களும் 1,800 டொலரைக் கொடுத்திருப்பீர்கள்.

லைசென்ஸ் கதையைக் கெதியாகச் சொல்லி முடிக்கிறேன். ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளில் இருந்து 60 நாள் செல்லும். அதற்குள் ஜி1 எழுத்துப் பரீட்சையை முடித்துவிடுங்கள். ஊரில் இரண்டு வருசத்துக்கு மேல் ஓடிய ஆளென்றால், இலங்கை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கடிதத்தோடு நேரே முழு லைசென்ஸுக்கான ஜி ஓட்டப் பரீட்சைக்குப் போகலாம். கடிதம் இல்லையென்றால் நீங்கள் வாயால் சொல்லுகிற அனுபவத்தில் 12 மாதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கடிதத்தைப் பிளேன் ஏற முன்னமே எடுத்துவிடுங்கள். நான் இங்கே வந்த பிறகு மச்சானைக் கொழும்புக்கு அனுப்பி எடுப்பித்தேன், மூன்று மாதம் போனது. அவன் இன்னமும் அந்த பஸ் காசைச் சொல்லிக் காட்டுகிறான்.

அடுத்தது இன்சூரன்ஸ். காரைப் பார்க்கப் போக முன்னமே விலை கேளுங்கள். எனக்கு ஸ்காபரோ முகவரிக்கு மாதம் 310 டொலர் என்றார்கள். வருசத்துக்கு 3,720. கார் 1,800! ஊரில் எத்தனை வருசம் விபத்தில்லாமல் ஓடியிருந்தாலும் நான் கேட்ட இடங்களில் அதைச் சட்டை செய்யவில்லை. பழைய காருக்கு, மோதினால் எங்கள் காரைத் திருத்தித் தருகிற பகுதியை வெட்டிவிடலாம். மற்ற ஆக்களுக்கு வரும் சேதத்துக்கான கட்டாயப் பகுதியை வெட்ட முடியாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் முதல் தடவையே குறைந்தது 5,000 டொலர் தண்டம். "ஒரு கிழமை சும்மா ஓடிப் பாப்பம்" என்கிற எங்கள் ஊர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி நான் மாட்டிய இடம்.

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் சொத்து. மொறிஸ் மைனரும் ஏ40-உம் சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடினதைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டிய பிறகு, வாங்கிய விலையை விடக் கூட விலைக்குப் பழைய காரை விற்ற கதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கும். அதனால் எங்களுக்குக் கார் பார்ப்பதென்றால் எஞ்சின் பார்ப்பது. பொனற்றைத் திறந்து, ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, சைலன்சர் புகையின் நிறத்தைப் பார்த்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்ச் சத்தம் கேட்பது. அப்பா எனக்குப் பழக்கிய வரிசை அதுதான்.

அந்த வரிசை இங்கே சரிவராது. இங்கே காரைக் கொல்லுவது உப்பு. நவம்பர் தொடங்கி ஸ்நோ முடியும் வரைக்கும் றோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். ஆனையிறவு உப்பளத்தைக் கொண்டுவந்து 401-இல் பரவிவிட்டது போல இருக்கும். கரைந்த உப்புத் தண்ணீர் டயர் சுற்றும்போது அடியில் விசிறி அடிக்கும், மடிப்பு மடிப்பாகப் போய்த் தங்கும். எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், கீழே தகரம் கறள் பிடித்து அப்பளம் போல ஆகியிருக்கும்.

எனக்குக் காரை விற்றவர் எங்கட ஆள். ஊர் எது என்று கேட்டு, எங்கள் பக்கத்து ஊர்தான் தன்னுடையதும் என்றார். உண்மையோ பொய்யோ, அந்த நேரம் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இரவு எட்டு மணி, ஒரு பிளாசாவின் பார்க்கிங், தூறல் வேறு. 2007 கொரோலா, 238,000 கிலோமீற்றர். எஞ்சின் முதல் சாவிக்கே எழும்பியது. அப்பாவின் வரிசையில் ஒன்றும் விடாமல் பார்த்தேன், எல்லாம் சுத்தம். குனிந்து ஃபோன் வெளிச்சத்தை அடித்தபோது அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்பு.

"புதுசா அண்டர்கோட்டிங் அடிச்சிருக்கு தம்பி. வடிவாப் பாத்த கார்."

எனக்குச் சந்தோசம். கார் வைத்திருந்தவர் கவனமான ஆள் என்று நினைத்தேன்.

"சேஃப்டியோட எண்டா ரெண்டாயிரத்து அறுநூறு. அஸ்-இஸ் எண்டா ஆயிரத்து எண்ணூறு. சேஃப்டி சும்மா நூறு டொலர் வேலை, முன் பிறேக்கை மட்டும் மாத்தினாச் சரி."

சேஃப்டி என்றால் கார் றோட்டில் ஓடத் தகுதியானது என்று கராஜ் தருகிற சான்றிதழ். அஸ்-இஸ் என்றால் அது இல்லாமல், இருக்கிற நிலையிலேயே. நூறு டொலர் வேலைக்கு ஏன் எண்ணூறு டொலரைக் குறைக்கிறார்? இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. எண்ணூறு டொலர் மிச்சம் பிடித்த கெட்டிக்காரன் என்ற நினைப்புத்தான் வந்தது. பச்சை நிற ஓனர்ஷிப் பத்திரத்தைக் காட்டினார். அதில் யாரோ ஒரு அம்மாவின் பெயர், பின்பக்கம் கையெழுத்து, திகதி வெறுமை. பக்கத்து வீட்டு அம்மா, கார் ஓடுவதை விட்டுவிட்டா, தான் உதவிக்கு விற்றுக் கொடுப்பதாகச் சொன்னார். எங்கள் ஊரில் வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த ஓப்பின் பேப்பரில் மூன்று கை மாறிய காரெல்லாம் ஓடவில்லையா? எனக்கு அது பிழையாகவே தெரியவில்லை. காசை எண்ணிக் கொடுத்தேன்.

பிறகு காரைப் பதிகிற அரசாங்க அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோ. தனியார் விற்கும்போது யு.வி.ஐ.பி. என்கிற தகவல் கட்டை விற்கிறவர்தான் எடுத்துத் தரவேண்டும், விலை 20 டொலர். எனக்கு அவர் தரவில்லை. நானே போய் எடுத்தேன், காசு கொடுத்த பிறகு. அதில் முந்தைய சொந்தக்காரர்களின் நகரமும், காரில் கடன் இருக்கிறதா, பெரிய விபத்தில் கழித்த காரா என்பதும் வரும். பக்கத்து வீட்டு அம்மா இருந்த நகரம் சட்பரி. ரொறன்ரோவில் இருந்து வடக்கே கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், எங்களை விட நீண்ட ஸ்நோக் காலம். அதே தாளில் காரின் மொத்த விற்பனை விலை 2,400 என்று இருந்தது. 13 வீத வரியை நான் கொடுத்த 1,800-க்கு எடுக்கவில்லை. இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி: 312 டொலர். சேஃப்டி இல்லாததால் றோட்டில் ஓடத் தகுதியில்லாத வாகனம் என்றே என் பெயரில் பதிந்தார்கள், அதற்கு 32.

பிளேட் பற்றியும் இதிலேயே சொல்லவேண்டும். ஊரில் நம்பர் காரோடு போகும். ஒன்ராறியோவில் நம்பர் ஆளோடு இருக்கும், விற்றவர் கழற்றிக்கொண்டு போய்விடுவார். பிளேட் இல்லாத காரை ஓட முடியாது, தெருவில் விடவும் முடியாது. 150 டொலருக்கு டோ ட்ரக் பிடித்து மிட்லண்ட் வீதியில் கராஜ் வைத்திருக்கிற ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன்.

அண்ணை காரை உயர்த்தினார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரத்தை இங்கே றொக்கர் பனல் என்பார்கள். அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார், தார் போல ஒட்டியது, இன்னும் முழுதாகக் காயவில்லை. ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து மெல்லத்தான் அமத்தினார். குத்தக்கூட இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது கறள் தூளும் அதோடு கசங்கின பேப்பர்த் துண்டொன்றும் கொட்டியது. ஓட்டைக்குள் பேப்பரை அடைத்து மேலே கறுப்பைப் பூசியிருந்தார்கள். பேப்பரை நிமிர்த்திப் பார்த்தேன். எங்கள் தமிழ்க் கடையின் தள்ளுபடி விளம்பரம்.

பின் சில்லுக்கு மேலும் ஓட்டை. முன்பக்கத்தில் எஞ்சினைத் தாங்குகிற சப்ஃபிரேம் செதில் செதிலாக. பிறேக் ஒயில் போகும் குழாய் கசிய ஆயத்தமாக. வெட்டி ஒட்டிச் சேஃப்டி எடுக்க 2,900 வரும் என்றார். "தம்பி, செய்து தரலாம். ஆனா நான் உம்மட அண்ணன் எண்டாச் செய்ய விடமாட்டன்." பரிசோதனைக்கு 110 எடுத்தார்.

விற்றவருக்கு ஃபோன் அடித்தேன். "நீங்கள் பாத்துத்தானே எடுத்தனீங்கள்" என்றார். அடுத்த நாள் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. இப்படி அனுமதி இல்லாமல், தன் சொந்தக் கார் போலவும் பக்கத்து வீட்டார் கார் போலவும் காட்டிக் கார் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இங்கே கேர்ப்சைடர் என்று பெயர். பதிந்த கார்க்கடைக்காரர் ஏமாற்றினால் ஓம்விக் என்கிற ஒழுங்குமுறைச் சபைக்குப் போகலாம், இழப்பீட்டு நிதிகூட இருக்கிறது. பிளாசாவில் தூறலுக்குள் வாங்கிய என் போன்றவர்களுக்கு அந்த நிதியில் ஒன்றும் இல்லை.

கழிவுக்குக் கொடுத்து 350 டொலர் எடுத்தேன். எல்லாம் கழித்துப் போனது 2,074. அந்தக் காசுக்கு ரொறன்ரோ பஸ்ஸுக்கும் சப்வேக்குமான டி.டி.சி. பாஸை 13 மாதம் எடுத்திருக்கலாம். அந்தக் காரில் நான் ஒரு கிலோமீற்றர்கூட ஓடவில்லை. வாங்கிய அடுத்த நாள் டாஷ்போர்ட்டில் ஒட்டிய பிள்ளையாரைக் கழற்றி ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் பழைய கார்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பகலில் போங்கள். மழை பெய்யாத நாளாகப் போங்கள். றொக்கர் பனலைக் கதவோரம் முழுக்கப் பெருவிரலால் அமத்திக்கொண்டே வாருங்கள். பழைய காரில் புதுக் கறுப்பைக் கண்டால் சந்தோசப்படாதேயுங்கள். காசைக் கொடுக்க முன் நீங்கள் தெரிவு செய்த கராஜில் உயர்த்திப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நூறு, நூற்றைம்பது டொலர் போகும். விற்கிறவர் நேரமில்லை, இன்னொரு ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று இழுத்தால் அந்த இன்னொரு ஆளே வாங்கட்டும். யு.வி.ஐ.பி.யை முதலில் கேளுங்கள், அதில் உள்ள பெயரும் விற்கிறவரின் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், எங்கட ஆளென்றால் இன்னும் வெட்கம். எனக்கு அந்த வெட்கத்தின் விலைதான் இரண்டாயிரம்.

விலை பேசினால் சேஃப்டியோடு சேர்த்துத்தான் பேசவேண்டும். அதற்காகச் சேஃப்டித் தாளைக் கும்பிடவும் வேண்டாம். அந்தத் தாள் 36 நாளுக்குத்தான் செல்லும். அன்றைக்குப் பிறேக், ஸ்ரியறிங், டயர், வெளிச்சம், உடல் எல்லாம் குறைந்தபட்ச அளவுக்கு இருந்தது என்றுதான் சொல்லும். எஞ்சின் எத்தனை மாதம் போகும், கியர்பொக்ஸ் எப்போது வழுக்கும் என்பதை அது பார்ப்பதே இல்லை. அதற்கு மட்டும் அப்பாவின் வரிசை உதவும். பழைய ஆக்கள் புகைப் பரிசோதனை பற்றியும் சொல்லுவார்கள். சாதாரணக் கார்களுக்கு அது 2019 ஏப்ரலோடு போய்விட்டது.

யாருக்குக் கார் தேவை என்றால், பஸ் ஓடாத நேரத்தில் தொடங்குகிற வேலைக்குப் போகிறவர்களுக்கும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும். கல்லூரிக்கும் தமிழ்க் கடைக்கும் கோயிலுக்கும் போக என்றால் முதல் வருசம் வேண்டாம். 2024 பெப்ரவரியில் இருந்து டி.டி.சி.யில் ஏறி மிசிசாகா, பிரம்ரன் பஸ்ஸுக்கு மாறினால் இரண்டாவது டிக்கெற் எடுக்கத் தேவையில்லை, நான் போன காலத்தில் இந்த வசதி இல்லை. ஒரே வெயார்ஹவுஸில் மூன்று பேர் வேலை என்றால் கார் உள்ள ஒருவரோடு சேர்ந்து பெற்றோல் காசைப் பகிருங்கள். நான் பிறகு ஐந்து மாதம் அப்படித்தான் போனேன். விடியப் புறம் காருக்குள் மூன்று பேரும் நித்திரை தூங்காமல் இருக்க ஊர்க் கோயில் திருவிழாச் சண்டைகளைக் கதைப்போம்.

இப்போது ஓடுவது 2010 சிவிக், சேஃப்டியோடு 4,300. பிள்ளையார் அதில் இருக்கிறார். ஸ்நோ டயர் போட்டால் இன்சூரன்ஸில் விலைக்கழிவு தரவேண்டும் என்று 2016-இல் இருந்து சட்டம் இருக்கிறது, அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள் கேட்கவேண்டும். ஒவ்வொரு ஒக்ரோபரும் அடியில் ஒயில் அடிப்பிக்கிறேன். அது இரண்டு நாளைக்குச் சொட்டும். வீட்டுக்கார அன்ரி டிரைவ்வேயில் கறையைக் கண்டுவிட்டு மேல் வாசலில் நின்று பேசுவா. கார்ட்போர்ட் விரித்துவிடுங்கள்.

போன கிழமை பெரியம்மாவின் மகன் ஃபோன் எடுத்தான், வந்து ஒரு மாதம். "அண்ணா, ஆயிரத்தஞ்ஞூறுக்கு ஒரு கார், எஞ்சின் சும்மா பூ மாதிரி" என்றான். அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்படா என்றேன். ஸ்ரியறிங், சீற், பாட்டுப் பெட்டி, பொனற்றுக்குள் இரண்டு கோணம் என்று எட்டுப் படம் வந்திருக்கிறது. அடிப்பக்கம் இன்னும் வரவில்லை.