பாய்மரப் படகில் நாயுடன்: கொழும்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

நாயைக் கடலுக்குக் கூட்டிச் செல்ல விரும்புபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நீச்சலைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் நாய் படகின் தளத்தில் சிறுநீர் கழிக்குமா? நீந்தத் தெரியாத நாய்க்கு மிதவை அங்கி போடலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கு மருந்து இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் அசுத்தம் செய்யக்கூடாது என்று பழகிய நல்ல நாய், படகையும் வீடென்றே நினைத்து மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு துன்பப்படும். கொழும்பிலிருந்து காலிக்குக் கடல்வழி 60 கடல் மைலுக்குச் சற்றுக் கூடுதல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போகும் படகுக்கு அது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். இடையில் மரமும் இல்லை, மதிலும் இல்லை.

எனவே இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

காலம் பார்ப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று நேரே மேற்குக் கரையில் மோதும். கொழும்புக் கடல் அப்போது பழகிய மாலுமிக்கே கடினம், புதிய நாய்க்கு வேண்டவே வேண்டாம். அந்த மாதங்களை வீட்டுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை கடல் அடங்கிக் கிடக்கும். முதற்பயணம் அப்போதுதான்.

படி 1: தும்புக் கால்மிதி

வாசலில் போடும் சாதாரணத் தும்புக் கால்மிதி ஒன்றை வாங்குங்கள். செயற்கைப் புல்விரிப்பும் உதவும், ஆனால் வெயிலில் சூடேறும். தும்பில் மணம் நன்றாகப் பிடிக்கும், விரைவில் காயும், மலிவானது. எனக்குத் தும்புதான் பிடிக்கும்.

உங்கள் நாய் காலையில் வழக்கமாக எங்கே சிறுநீர் கழிக்கிறதோ அந்த இடத்திலேயே கால்மிதியை விரியுங்கள். அது கழிக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். வீட்டில் வேறெதற்கும் பயன்படாத சொல்லாக இருக்க வேண்டும், வீட்டார் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். முடித்த கணத்திலேயே ஒரு துண்டுக் கருவாடோ அவித்த கோழியோ கொடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியாது.

கால்மிதியைக் கழுவாதீர்கள். மணம்தான் ஆசிரியர். நாய் தயங்காமல் அதன்மேல் போகப் பழகியதும், கால்மிதியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்: முற்றத்தின் ஓரம், பிறகு சீமெந்துத் தரை, பிறகு மாடி. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து அடுக்குமாடிகளில் வசிப்பவர்களுக்குப் பால்கனி கிடைத்தால் அதுவே போதும். சீமெந்துத் தரையில் விரித்த கால்மிதியை ஏற்றுக்கொண்ட நாய், படகின் தளத்திலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

படகுக்குக் கொண்டுபோகும்போது கால்மிதியின் ஒரு மூலையில் துளையிட்டு இரண்டு மீற்றர் கயிறு கட்டுங்கள். வேலை முடிந்ததும் கடலில் எறிந்து இழுத்தால் கழுவப்பட்டுவிடும். ஆரம்பத்தில் அரைகுறையாகக் கழுவினால் போதும். நங்கூரமிட்டு நிற்கும்போது அதை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், விரிக்கலாம். பாய் விரித்து ஓடும்போது நாயை முன்பக்கம் அனுப்பக்கூடாது. பாய்மரத்துக்குப் பக்கத்திலோ, சுக்கான் பிடிப்பவரின் கண்முன்னோ விரியுங்கள். இதனால்தான் இடத்தைப் பழக்காமல் கால்மிதியைப் பழக்கச் சொல்கிறேன்.

இந்தப் படி நிறைவேறாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். சில நாய்களுக்கு வாரங்கள் பிடிக்கும், சிலவற்றுக்கு மாதங்கள். அவசரப்படுத்தினால் நாய் அந்தக் கால்மிதியையே வெறுக்கத் தொடங்கும்.

படி 2: அங்கியும் கயிறும்

முதுகில் கைப்பிடி உள்ள மிதவை அங்கியாகத் தேடி வாங்குங்கள். கைப்பிடி இல்லாதது நாயை மிதக்க வைக்கும், ஆனால் அதைத் தூக்கி எடுக்க உங்களுக்கு உதவாது. சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறம் அலைகளுக்கிடையே தெரியும். சாப்பாட்டு நேரங்களில் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள்.

படகில் நாயைக் கட்டும் கயிறு கழுத்துப் பட்டியில் மாட்டப்படவே கூடாது. விழுந்தால் கழுத்து இறுகும். மார்பைச் சுற்றிய வார்ப்பட்டியின் முதுகு வளையத்தில் மாட்டி, படகின் விளிம்பைத் தாண்டித் தொங்க முடியாத அளவுக்குக் கயிற்றைக் குறுக்குங்கள்.

படி 3: படகைத் தயார் செய்தல்

ஓரக் கம்பிகளின் கீழ் வலை கட்ட வேண்டும். நீர்கொழும்பில் மீனவர்களுக்கு விற்கும் நைலோன் வலையே போதும். நாயின் தலை நுழையாத கண் அளவைத் தேர்ந்து, மேலும் கீழும் இறுக்கிப் பின்னுங்கள். வழுக்கும் இடங்களில் இறப்பர் விரிப்பு போடுங்கள். நகங்களை வெட்டி வையுங்கள், நீண்ட நகம் தளத்தில் பிடிக்காது.

உட்புற ஏணி செங்குத்தானது. ஏற நாய் விரைவில் கற்கும், இறங்க அவ்வளவு விரைவில் கற்காது. கற்கும்வரை நீங்களே தூக்குங்கள். படுக்கையைப் படகின் நடுவில், தரையோடு அமையுங்கள். ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: நாயின் முடி படகின் அடிவயிற்றில் தேங்கும் நீரோடு சேர்ந்து, அந்த நீரை வெளியேற்றும் பம்பின் வடியை அடைத்துவிடும். பம்பு நின்றால் படகே ஆபத்தில். ஒவ்வொரு நாளும் நாயைக் கரையில் சீவுங்கள், வடியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

படி 4: பொல்கொடை

முதல் ஆட்டத்தைக் கடலில் காட்ட வேண்டாம். கொழும்புக்குத் தெற்கே மொறட்டுவைக்கும் பாணந்துறைக்கும் அருகே பரந்து கிடக்கும் பொல்கொடை ஏரியில் பாய்ப்படகுகள் ஓடுகின்றன, அலை குறைவு. முதல்நாள் கட்டியிருக்கும் படகில் வெறுமனே உட்காருங்கள், நாய் மோப்பம் பிடித்து முடிக்கட்டும். அடுத்தமுறை இயந்திரத்தை இயக்கி, கட்டிய நிலையிலேயே நில்லுங்கள். அதற்குப் பிறகே ஓட்டம், கடைசியாகப் பாய்.

பாய் படபடக்கும் ஒலிக்கு நாய்கள் மிரளும். பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென வீசும்போது அதன் பாதையில் நாய் நிற்கக்கூடாது. பாயை மறுபக்கம் மாற்றுமுன் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லை உரத்துச் சொல்லி, நாயைப் படுக்க வையுங்கள். நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் தானாகவே படுக்கும். வெள்ளவத்தைத் தெருவில் பிறந்த எங்கள் கறுப்பன் படுத்த பிறகே நான் சுக்கானைத் திருப்புவேன். ஊர் நாய்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வெப்பத்தைத் தாங்குவதிலும் பனிநாட்டு இனங்களைவிட அவை மேல்.

ஏரிக்கரையில் நாயை நீந்த விடாதீர்கள். பொல்கொடையில் முதலைகள் உண்டு.

எச்சில் வடிதல், அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குதல் ஆகியவை குமட்டலின் முதல் அறிகுறிகள். புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். குமட்டல் தொடர்ந்தால் மிருக வைத்தியரிடம் மருந்து கேளுங்கள், மனிதர்களின் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்காதீர்கள்.

படி 5: வெயில், தண்ணீர், சாப்பாடு

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிராபத்து. அது நம்மைப் போல் உடல் முழுதும் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சு இளைத்துத்தான் வெப்பத்தை விடும். ஈறு கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து, காற்று படச் செய்யுங்கள். தளத்தில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சுடும். சுக்கானருகே துணிக்கூரை இல்லாமல் கொழும்பு வெயிலில் நண்பகல் தாண்டக்கூடாது.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிலீற்றர் நன்னீர் என்று கணக்கிட்டு, வெயிலுக்காக இரட்டிப்பாக ஏற்றுங்கள். பத்துக் கிலோ நாய்க்கு 1.2 லீற்றர். தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தால் நாய் கடல்நீரை நக்கும். வாந்தியும் கழிச்சலும் வரும், அளவு கூடினால் உப்பு நஞ்சாகும்.

மிச்சக் கறியைக் கொடுக்கும் நம் வழக்கத்தைப் படகில் கண்டிப்பாக நிறுத்துங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர்ந்த திராட்சையும் சொக்லேட்டும் ஆகாது. தூண்டிலில் மாட்டிய இரை தளத்தில் கிடக்கக்கூடாது, நாய் கொக்கியோடு விழுங்கிவிடும். வைரவரின் வாகனம் என்று மதித்துச் சோறு வைக்கும் வீடுகளிலிருந்து வருகிறோம். அந்த அன்பை வெறும் சோற்றிலும் முள் நீக்கிய அவித்த மீனிலும் காட்டலாம்.

படி 6: நீரில் விழுந்தால்

இதை ஏரியில், அங்கி போட்ட ஒரு பழைய தலையணையை எறிந்து பழகுங்கள். ஒருவர் கையை நீட்டிக் காட்டியபடியே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. மற்றவர் படகைத் திருப்பி மெதுவாக நெருங்கி, அருகே வந்ததும் இயந்திரத்தை நியூட்ரலில் போட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் படகை நோக்கியே நீந்தும். அதனால் நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறி சுழலக்கூடாது. நாய்க்குப் பின்னால் நீங்களும் குதித்தால் மீட்க வேண்டியவர்கள் இருவராகிவிடுவீர்கள்.

படி 7: கடலும் காகிதமும்

முதல் கடல்நாள் காலையில், சில மணி நேரம் மட்டும், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். கொழும்புத் துறைமுகம் கொள்கலன் கப்பல்களின் துறைமுகம். அனுமதி பெற்றே நுழையவும் வெளியேறவும் வேண்டும், பெருங்கப்பல்களின் பாதையைவிட்டு விலகியே ஓட வேண்டும். கால்மிதியைக் கடலில் பயன்படுத்திய பிறகே காலிப் பயணத்தைத் திட்டமிடுங்கள். ஒரு நாள் முழுதும் நாய் அடக்கிக்கொண்டிருந்தால் பயணத்தை நிறுத்திக் கரைக்குத் திரும்புங்கள்.

நாட்டுக்குள் ஓடுபவர்களும் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையை உலர்ந்த பையில் வைத்திருங்கள். வெளிநாடு போவதென்றால் முதலில் தோலுக்கடியில் பதிக்கும் அடையாள நுண்சில்லு, அதன் பிறகு தடுப்பூசி என்ற வரிசை முக்கியம். பல நாடுகள் இரத்தப் பரிசோதனையில் மில்லிலீற்றருக்குக் குறைந்தது 0.5 அலகு எதிர்ப்பாற்றலைக் கேட்கும், அதற்கு மாதங்கள் பிடிக்கலாம். சுகாதாரச் சான்றிதழுக்கும், திரும்பி வரும்போது நாயைக் கொண்டுவரும் அனுமதிக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தை முன்கூட்டியே அணுகுங்கள். மாலைதீவுக்கு நாய்களைக் கொண்டுசெல்லத் தடை உண்டு. அது உங்கள் வழியில் இருந்தால், நாயை யாரிடம் விட்டுச் செல்வது என்பதைப் பாய் விரிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.