காரைக்குடிக்கு ஒரு கொடி வரையணும்னா எப்டி?

காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சுல்ல, ஊருக்கு ஒரு கொடி வரைஞ்சா எப்டி இருக்கும்னு ஆசை இருக்கவங்களுக்கு இது.

மொதல்ல 9 செ.மீ.க்கு 6 செ.மீ.ன்னு சின்னதா ஒரு கட்டம் போடுங்க. பெருசா போட்டா கை சும்மா இருக்காது, ஆயிரம் ஜன்னல் வீடு, கோபுரம், கஜலட்சுமி சுதைன்னு எல்லாத்தையும் உள்ள திணிச்சிருவோம், அப்புறம் அது கல்யாண பேனரு. சிகாகோ கொடியப் பாருங்க, வெள்ளைத் துணி, ரெண்டு நீலப் பட்டை, நாலு சிவப்பு நட்சத்திரம். 1917ல நட்சத்திரம் ரெண்டுதான், 1933லயும் 1939லயும் ஒண்ணொண்ணா சேத்தாங்க. சின்னப் பையன்கூட பாக்காம வரைஞ்சிருவான்.

கலர்தான் நம்ம ஊர்ல பெரிய தலவலி. கண்டாங்கி சேலைல இருந்து எடுக்கலாம்னு எல்லாருக்கும் தோணும், அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு. ஆனா கருப்புக்குக் கீழ சிவப்ப வச்சா எந்தக் கட்சின்னு சொல்லவே வேணாம், சரி மேலயும் கீழயும் அரக்கு, நடுவுல மஞ்சள்னு போட்டா அதுவும் 2024லேயே இன்னொரு கட்சிக்குப் போயிருச்சு. அதனால படுக்கைப் பட்டையே வேணாம். மஞ்சள் தரை, கம்பத்து ஓரமா நெட்டுக்கு அரக்குல அகலமா ஒரு பட்டை, அது போதும்.

சின்னத்துக்கு என் ஓட்டு ஆத்தங்குடில செய்யிற தரைக்கல்லுல இருக்க பூவுக்குத்தான். கண்ணாடி மேல அச்ச வச்சு ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒவ்வொரு கலர் சிமெண்ட ஊத்துறாங்க, அதனால கலரெல்லாம் கலக்காம தனித்தனியா நிக்கும், துணில பிரிண்ட் போடவும் சுலபம். அதுலயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க பூவா பாத்து எடுங்க, கொடிக்குப் பின்னாடி இருந்து பாத்தாலும் மாறாது. ஊர் பேர எழுதுனீங்கன்னா பின்பக்கம் கண்ணாடில பாக்குற மாதிரி தெரியும்.

நகரத்தார்ங்கற செட்டியார் சமூகத்தோட கோவில் ஒன்பதுக்கு ஒன்பது நட்சத்திரம்னு யாராச்சும் சொல்லுவாங்க. அழகாத்தான் இருக்கும், ஆனா தறி நெய்யிறவங்க, கல்லு போடுறவங்க, கடை வச்சிருக்கவங்க எல்லாருக்கும் சேத்துதான ஊர்க்கொடி?

பூவ வெள்ளைல, அரக்குப் பட்டைக்குள்ள மேல்பாதில வைங்க. காத்து இல்லாம கொடி தொங்குறப்ப அந்த மூலைதான் கொஞ்சமாச்சும் வெளிய தெரியும். கடைசியா ஒரு பழைய துணில பெயிண்ட் அடிச்சு மொட்டை மாடில கட்டி, தெருமுனைல நின்னு பாருங்க, பூ வெறும் வெள்ளைப் புள்ளியா தெரிஞ்சா இதழ இன்னும் தடிமனாக்குங்க.